லூயிஸ் துப்பாக்கியும் அலமேலுவும்

குட்லண்ட்ஸுக்கு வடக்கே, கரும்பு முடிந்து கடல் தொடங்கும் பக்கத்து ஊர்களில் மருதையைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் பெரிய ஆள் என்பதால் அல்ல, ரொம்ப நல்லவன் என்பதாலும் அல்ல. பெண்டாட்டி ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் என்று இருபது வருஷம் அல்லாடிய மனிதன் இந்தத் தீவில் அவன் ஒருவன்தான். சரி, சொந்தத் துப்பாக்கியா? அதுவும் இல்லை. வெள்ளைக்கார ராஜாவுடைய துப்பாக்கி. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவன் அதால் சுட்டதில்லை. சுடாத துப்பாக்கி மேல் ஒருத்தனுக்கு அப்படி என்ன ஆசை என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள், அலமேலு உட்பட.

மருதை பிறந்தது தோட்டத்துக் குடிசை வரிசையில். அப்பன் கரும்பு வெட்டினான், ஆத்தா கரும்பு சுமந்தாள். இவனுக்கு மட்டும் மண் கையில் ஒட்டவே இல்லை. மீசை முளைக்கும் முன்பே சர்க்கரை மில்லில் எண்ணெய் போடும் வேலைக்குப் போய்விட்டான். அரவைக் காலம் முழுக்க, நீள மூக்கு வைத்த எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு உருளை உருளையாகச் சுற்றி வருவான். கரும்பு நசுங்குவதைப் பார்க்க மாட்டான், பல்சக்கரம் சுற்றுவதைத்தான் வாயைப் பிளந்து பார்ப்பான். மேஸ்திரி எத்தனை தடவை தலையில் குட்டியும் அந்தப் புத்தி போகவில்லை.

பெரிய சண்டை நடந்த காலத்தில் மெசபொத்தேமியாவில் பட்டாளத்துக்குக் கூலி வேலை செய்ய ஆள் கேட்டார்கள். மருதை பெயர் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினான். சண்டை போடப் போகவில்லை, தூக்கவும் சுமக்கவும் கழுவவும் போனான். பாஸ்ராவில் தகரக் கொட்டகை ஒன்றில் துப்பாக்கி ரிப்பேர் பட்டறை. மில்லில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் அவனை அங்கே உட்கார வைத்து, மண்ணெண்ணெய் வாளியைக் கொடுத்து, கொண்டுவருகிற இரும்புத் துண்டுகளையெல்லாம் கழுவு என்றார்கள். அங்கேதான் லூயிஸ் துப்பாக்கியை முதலில் பார்த்தான்.

இரண்டு ஆள் தூக்கும் பெரிய பீரங்கித் துப்பாக்கி இல்லை அது. ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். குழலைச் சுற்றி ஒரு தடித்த உறை, சூடு இறங்க. மேலே பெரிய தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. அதற்குள் நாற்பத்தேழு தோட்டா, மூக்கெல்லாம் நடுவில் சேர வட்டமாகப் படுத்திருக்கும். பக்கத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் உள்ளே பிஸ்டன் என்கிற நீளத் தண்டு பின்வாங்கும். தண்டின் அடியில் பற்கள் உண்டு. அந்தப் பற்கள் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்துக்குள் கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள்வில் முறுக்கேறும். விசையைத் தொட்டதும் வில் அவிழ்ந்து தண்டை முன்னே விரட்டும். தண்டு போகிற போக்கில் ஒரு தோட்டாவை இழுத்துக் குழலில் தள்ளிக் குத்தும், குண்டு கிளம்பும். குண்டைத் துரத்திக்கொண்டு வரும் புகையில் கொஞ்சம், குழலின் அடியில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாக இறங்கி, தண்டை மறுபடி பின்னால் உதைக்கும். வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், தட்டு ஒரு இடம் நகரும், வில் மறுபடி முறுக்கேறும். விரலை எடுக்காதவரை இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும்.

மருதையைச் சொக்க வைத்தது சத்தமும் இல்லை, சாவும் இல்லை. அந்த வில்தான். பின்னால் தள்ளுகிற உதையே முன்னால் வருவதற்கான முறுக்கைச் சேர்த்து வைத்துவிடுகிறதே என்று அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஊரை விட்டு அத்தனை தூரம் தள்ளப்பட்டுப் புழுதியில் உட்கார்ந்திருந்தவன் அவன். அந்த வில்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டொரு தடவை அழுதிருக்கிறான். இதை அவனே பிறகு சொல்லியிருக்கிறான், வெட்கப்படாமல்.

முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும். மில் பழக்கத்தில், கழுவிய உறுப்பையெல்லாம் எண்ணெயில் குளிப்பாட்டி மாட்டிவிட்டான். வெளியே கொண்டுபோனதும் பாலைவனப் புழுதி எண்ணெயோடு சேர்ந்து களியாகி, புகை இறங்கும் ஓட்டையை அடைத்துவிட்டது. ஓட்டை அடைத்தால் அந்தத் துப்பாக்கி ஒரே ஒரு குண்டு சுடும், அதோடு நிற்கும். தண்டை உதைக்கப் புகை வரவில்லையே, வில் எப்படி முறுக்கேறும்? அடுத்த குண்டுக்குக் கையால்தான் இழுக்க வேண்டும். அதற்கு அப்புறம் அந்த ஓட்டையை ஊசி விட்டுப் பார்க்காமல் அவன் எந்தத் துப்பாக்கியையும் வெளியே விட்டதில்லை.

சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் கல்யாணம் ஆயிற்று. அலமேலு சின்ன விவசாயி மகள். பெரிய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவள் அப்பா வாங்கிய கல்காட்டில் அவளுக்கு ஒரு பாதி, அண்ணன் அப்பாசாமிக்கு ஒரு பாதி. அந்தக் கற்களைப் பொறுக்கிக் குவித்துத்தான் அவள் வளர்ந்தாள். பேச்சு குறைவு, கை வேகம். குவியலில் கல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்தபடி அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை விழுந்தால் மருதைக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது. உயிரையே வைத்திருந்தான் அவள் மேல், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் பாருங்கள், வக்குவா பக்கத்துப் பட்டாள முகாமுக்கு லூயிஸ் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன, துடைத்து வைக்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னதும், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். மாசத்துக்கு ஒரு தடவை வருகிறேன் என்றான். வந்தான். மேட்டுநிலத்து மழையிலிருந்து ரயில் ஏறி, தலைநகர் போர் லூயியில் மாறி, வடக்கே இறங்கி, கரும்புக்கு நடுவே நடந்து வந்து சேர்வான். வந்த அன்றைக்குச் சிரிப்பான். மறுநாளே அவன் கண் வேறு எங்கோ போய்விடும். அங்கே இருந்தால் அலமேலு, இங்கே இருந்தால் லூயிஸ். இதற்கு என்ன மருந்து?

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் இடது கை காற்றில் எதையோ திருகிக் கழற்றியது. அலமேலு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன கழட்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை இத்தனை வருஷமா கழட்டிக்கிட்டு இருக்கீங்க. இங்க பாருங்க. இனிமே வந்தா ஒரேயடியா வாங்க. இல்ல, வராதீங்க. பாதி ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்திவிட்டு அடுத்த மாசம் வந்திருப்பான். அடுத்த அறுவடைக்கு வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆறு அறுவடை ஓடிவிட்டது.

அந்த ஆறு வருஷம் அவன் பட்ட பாட்டை வக்குவாவில் பார்த்தவன் கேத்தான். கேத்தான் முகாமின் சமையல்காரன். வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், ஆனால் பாட்டன் தஞ்சாவூர்க்காரன், தீவுப் பேச்சான கிரியோலுக்கு நடுவே தமிழும் பேசுவான். மழை பெய்யும் சாயங்காலங்களில் மருதை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருப்பான். வடக்கே ஒன்றும் தெரியாது, மேகம்தான் தெரியும்.

"ஆயோ மருதை! தோ ஃபூ, நெசமாவே பைத்தியம்டா உனக்கு," என்பான் கேத்தான். "நானா இருந்தா அந்த இரும்பைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு அவ கால்ல போய் விழுவேன்."

"உனக்குத்தான் பொண்டாட்டியே இல்லையே."

"அதனாலதான் சொல்றேன். இருக்கிறவனுக்குப் புத்தி இல்ல."

மருதை சிரிக்க மாட்டான். போனால் அவள் முகத்தைப் பார்க்கலாம், ஆனால் இன்னும் பாதி ஆளாகத்தானே போவோம் என்று பயம். முழுசாகக் கிளம்பிவிட வேண்டும் என்று காலையில் எழுந்திருப்பான். ஆயுதக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாசனை வரும். கால் அங்கேயே நின்றுவிடும்.

வருஷத்துக்கு ஒரு நாள் அவளைப் பார்ப்பான். தைப்பூசத்துக்கு அவள் சாந்த் குருவா கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வருவாள். மருதை விடிவதற்குள் வந்து, கூட்டத்தில் ஒரு ஓரமாக நிற்பான். மஞ்சள் புடவையில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, வெயிலில் தார் ரோட்டில் அவள் வருவாள். ஒரு வருஷம் அவன் நின்ற இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் போனாள். பார்த்தாள். பார்க்காத மாதிரிப் போகவில்லை, நன்றாகவே பார்த்தாள். விரதம், பேச முடியாது. பேச முடிந்தாலும் என்ன பேசியிருப்பாள்? அவள் பாதம் கொப்புளித்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். அன்றைக்கு முகாமுக்குத் திரும்புகிற ரயிலில் யாரையும் லட்சியம் பண்ணாமல் விசும்பி விசும்பி அழுதான்.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அவன் மனசு கொஞ்சம் ஆறும். ஊரில் மண்வெட்டிக்கும் கரும்புக் கத்திக்கும் பொட்டு வைப்பார்கள் அல்லவா, இவன் ஏழாம் நம்பர் லூயிஸுக்கு வைப்பான். மற்ற துப்பாக்கிகளைவிட அதன் வில் அவனுக்குப் பிடிக்கும். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பான். குழல், தண்டு, சக்கரம், வில், புகை ஓட்டை இருக்கும் அந்தச் சின்னத் திருகு உட்பட, ஒன்றையும் விட மாட்டான். அன்றைக்கு முழுக்க அதை யாரும் தொடக் கூடாது. மறுநாள் மண்ணெண்ணெயில் கழுவி, ஊசி விட்டு, மாட்டுவான். சார்ஜெண்ட் இந்தியாவில் பல வருஷம் இருந்த வெள்ளைக்காரர். நமுட்டுச் சிரிப்போடு விட்டுவிடுவார்.

அந்த வருஷம் அரவைக் காலத்தில்தான் ரகளை வந்தது. கல்காட்டில் வேறு கரும்பு வராது, உபாக் கரும்புதான் வரும். சின்ன விவசாயிகள் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து மில்காரன் திடீரென்று உபா வேண்டாம், எடை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வெட்டின கரும்பு எத்தனை நாள் தாங்கும்? சாறு வற்றினால் விறகுதான். பாலான்ஸ் என்று நாங்கள் சொல்லும் எடைமேடை முற்றத்தில் வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எடை போடாமல் நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும் மாடும் கன்றும் எல்லாம் அங்கேயே.

முகாமுக்குச் செய்தி வந்த காலை, ஆயுத பூஜை. மருதை அப்போதுதான் கற்பூரம் காட்டி முடித்திருந்தான். சார்ஜெண்ட் உள்ளே வந்து, ஏழாம் நம்பரை மாட்டு, லாரி நிற்கிறது என்றார்.

"இன்னைக்குத் தொட மாட்டேன் சார். பூஜையில வெச்சாச்சு."

சார்ஜெண்ட் இங்கிலீஷில் என்னவோ திட்டினார். மற்ற துப்பாக்கிகள் பயிற்சிக்குப் போயிருந்தன. குனிந்து, குங்குமத்தைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, அவரே மாட்ட ஆரம்பித்தார். அந்தச் சின்னத் திருகு, ஓட்டையில் சந்தனம் காய்ந்து இறுகியபடியே உள்ளே போவதை மருதை பார்த்தான். சொல்ல வாய் எடுத்தான். நீ துப்பாக்கியைத் தொட வேண்டாம், தோட்டாப் பெட்டியையாவது தூக்கு என்று சார்ஜெண்ட் கத்தினார். பெட்டிக்குப் பொட்டு வைக்கவில்லை, தூக்கலாம். தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.

எங்கே போகிறோம் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. அலமேலு இருக்கும் ஊர். அதற்கு அப்புறம் சந்தனத்தைப் பற்றி வாயைத் திறப்பானா? இறுக மூடிக்கொண்டான். செத்த துப்பாக்கியைத்தான் கொண்டுபோகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தான். வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது: செத்த துப்பாக்கி இல்லை. ஒரு குண்டு போகும்.

மில் முற்றத்தில் புளித்த கரும்பு வாசனை. எதிரே உயரமான திண்டில் லூயிஸை வைத்து, ஒரு சிப்பாய் அதன் பின்னால் படுத்துக்கொண்டான். மருதை பெட்டிகளோடு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தான். முன்வரிசையில் நின்ற வண்டி பொன்னம்மாவுடையது. புருஷன் இல்லாமல் தனியாகக் கரும்பு போடுகிறவள், அலமேலு வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளி இருக்கிறவள். வண்டி நிழலில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் மருதைக்கு என்ன தோன்றியது தெரியுமா? மறைத்து என்ன ஆகப் போகிறது, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு குண்டுதானே, அதோடு நின்றுவிடும், எல்லோரும் ஓடிப் போய்விடுவார்கள் என்று தோன்றியது. கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

கலைந்து போகாவிட்டால் சுடுவோம் என்று அதிகாரி சொன்னதை ஒருத்தன் கிரியோலில் திருப்பிக் கத்தினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பாசாமி மட்டும் எழுந்து, "சுடுங்க! இந்தக் கரும்பு காஞ்சா நாங்க எப்படியும் சாவுறவங்கதான்!" என்று பதிலுக்குக் கத்தினான். சத்தத்தில் பொன்னம்மாவின் மாடு மிரண்டு வண்டி ஒரு பக்கம் திரும்பியது. அதற்குப் பின்னால், தன் வண்டியில் கரும்புக் கட்டின் மேல், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி அலமேலு உட்கார்ந்திருந்தாள்.

படுத்திருந்த சிப்பாய் கைப்பிடியைப் பின்னால் இழுத்தான். உள்ளே வில் முறுக்கேறும் அந்தச் சத்தம். இருபது வருஷமாக மருதை உருகி உருகிக் கேட்ட சத்தம் அது. ஒரு குண்டு. அவளுக்கு ஒன்று போதாதா?

எழுந்தான். திண்டிலிருந்து குதித்தான். குழலுக்கு நேர் முன்னால் முற்றத்தில் இறங்கி நடந்தான். "மருதை!" என்று சார்ஜெண்ட் அலறினார். அவன் திரும்பவில்லை. முதுகு முழுக்கக் குறுகுறு என்றது, ஆனாலும் நடந்தான். சிப்பாய் தலையைத் தூக்கி அதிகாரியைப் பார்த்தான், அதிகாரி கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். மருதை அலமேலுவின் வண்டிக்கு முன்னால் போய் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இறங்கு அலமேலு."

"இறங்க மாட்டேன்."

"அப்ப நானும் இங்கயே நிக்கிறேன்."

நின்றான். வெயில் சாயும்வரை நின்றான். துப்பாக்கி சுடவில்லை. மில்லுக்குள் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் எடைமேடையைத் திறந்தார்கள். மருதை குறுக்கே நடந்ததால்தான் என்று பொன்னம்மா சொல்வாள். மேலே இருந்து உத்தரவு வந்தது என்று அப்பாசாமி அடித்துப் பேசுவான். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் இல்லை. மருதைக்கு வேலை போயிற்று, அது நிச்சயம்.

காலி வண்டிக்குப் பின்னாலேயே அவன் அலமேலு வீடுவரை நடந்து வந்தான். ஆறு வருஷம் கனவில் வந்த வாசல். முழு ஆளாக வந்துவிட்டோம், உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றான். அலமேலு மாட்டை அவிழ்த்துக் கட்டினாள், தண்ணி காட்டினாள், கை கால் கழுவினாள். அப்புறம் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லுங்க. அங்க நான் இல்லாம பொன்னம்மாக்கா மட்டும் உக்காந்திருந்தா, எந்திரிச்சு வந்திருப்பீங்களா?"

மருதை வாயைத் திறந்தான். வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். அவன் குனிந்து காலில் ஒட்டியிருந்த கரும்புச் சோகையைத் தட்டிவிட்டான்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்று அலமேலு உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

அப்பாசாமி தன் பாதிக்காட்டின் கோடியில், கல்குவியலை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தான். "மாமன் மச்சான் உறவு விட்டுப் போகுமா? ஆனா அவகிட்ட எனக்காகப் பேசுன்னு மட்டும் கேக்காத மச்சான். என்னை வெட்டிப் போட்டுருவா," என்றான். மருதை கேட்கவில்லை. மண்வெட்டி பிடித்தான், கை கொப்புளித்தது, பழகிற்று. அவன் குடிசைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே கரும்பு மட்டும்தான். கரும்பு சின்னதாக இருக்கையில் அவள் வாசல் தெளிக்கும் கை தெரியும். பிறகு தலை மட்டும் தெரியும். பிறகு அதுவும் மறைந்துவிடும், புகை எழும்புவதை வைத்துச் சமைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அறுவடைக்காக அவன் காத்திருந்த மாதிரி அந்த ஊரில் எந்த விவசாயியும் காத்திருந்ததில்லை.

லூயிஸை மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். களை பறிக்கும்போது விரல் தானாகத் திருகும். அந்த ஏழாம் நம்பரை இப்போது யார் துடைக்கிறார்கள், ஓட்டைக்கு ஊசி விடுகிறார்களா என்று ஏக்கமாக இருக்கும். உடனே அலமேலுவின் கேள்வி வந்து நிற்கும். பதில் அவனுக்கு அன்றைக்கே தெரியும். சொன்னால் அந்தக் கதவு இனித் திறக்காது என்று பயந்துதான் யோசிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தான். பொய்யைச் சொல்லி உள்ளே போகலாம்தான், ஆனால் அவள் பார்வைக்கு முன்னால் பொய் எத்தனை நாள் நிற்கும்?

இரண்டாவது அறுவடை முடிந்த மறுநாள், காடு மொட்டையாகக் கிடந்தது. அலமேலு வாசலில் உட்கார்ந்து அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை தூரமும் தடை இல்லாமல் அவள் தெரிந்ததும் மருதையால் தாங்க முடியவில்லை. போனான். நடந்து போய் அவள் முன்னால் நின்றான்.

"வந்திருக்க மாட்டேன்," என்றான். "பொன்னம்மாக்காவைத்தான் மொதல்ல பார்த்தேன். ஒரு குண்டுதானேன்னு நெனச்சேன். அப்புறம்தான் நீ கண்ணுல பட்டே."

அலமேலு முறத்தைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபமா என்னவென்று அவனுக்குப் புரியவில்லை.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க."

பொன்னம்மா வீடு நாலு வேலி தாண்டி. தன் வீட்டு நிழலில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருதை நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சந்தனத்தை, ஓட்டையை, ஒரு குண்டை, அவளைப் பார்த்ததும் வந்த நிம்மதியை.

"அடப் பாவி!" பொன்னம்மா கையிலிருந்த பருப்பை அவன் மூஞ்சியிலேயே விசிறினாள். "ஒரு குண்டுதானேன்னியா? நான் செத்தா அது ஒண்ணுதானா? என் கரும்பை உங்கப்பனா வெட்டுவான்? நாசமாப் போறவனே, உன்னைப் போய் சாமின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என் வாயைக் கழுவ!" அவன் வம்சத்தில் ஒருத்தரையும் விடாமல் இழுத்து வைத்துத் திட்டினாள். மருதை தலை குனிந்து நின்றான். நிற்கத்தானே வந்தான்.

மூச்சு வாங்கியதும் அவள் நிறுத்திக்கொண்டாள். சிந்திய பருப்பைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

"முடிஞ்சிது. போ."

"அக்கா..."

"என்ன அக்கா? உன் பொண்டாட்டி ரெண்டு வருஷமா இங்க வந்து உக்காந்து என் உசிரை வாங்குறா. அவரு ஒரு நாள் வந்து சொல்லுவாரு அக்கா, வந்தா நல்லாத் திட்டிடுங்க, ஆனா ரொம்ப நேரம் நிக்க வெச்சுடாதீங்கன்னு. வாரம் தவறாம இதே பாட்டு, என்ன சொல்லுவான்னு மட்டும் வாயைத் திறக்க மாட்டா. போடா, போய்த் தொலை. சோறு வடிச்சிருப்பா."

வேலியைச் சுற்றிக்கொண்டு போக நல்ல பாதை இருந்தது. மருதை அந்தப் பக்கமே போகவில்லை. வெட்டிய கரும்புக் கட்டைகள் வெறுங்காலைக் குத்திக் கிழிக்க, வயலுக்கு நடுவிலேயே ஓடினான்.